கருவி யார் கையில்? வகுப்பறை டிஜிட்டல் கருவிகளும் மாணவர் பங்கேற்பும்: தமிழ்நாட்டுப் பள்ளிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் அளவுகோலும்

தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைப் புரட்டினால், இயல்களின் ஊடே 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பகுதி கண்ணில் படும். படி 1, படி 2 என்று செய்முறை, பக்கத்தில் ஒரு விரைவுக் குறியீடு, திரையில் என்ன தெரியவேண்டும் என்பதற்கு ஒரு படம். 2018இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தோடு வந்த ஏற்பாடு இது. குறியீட்டைச் செல்போனில் ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் ஜியோஜீப்ரா பக்கம் ஒன்று திறக்கும். அங்கே ஒரு வட்டமோ முக்கோணமோ இருக்கும். அதன் முனையைப் பிடித்து இழுக்கலாம். இழுக்க இழுக்க அளவுகள் மாறும்.

அந்த முனையைப் பிடித்து இழுப்பது யார்? இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி இதுதான். ஆசிரியர் இழுக்க, நாற்பது பிள்ளைகள் புரொஜெக்டர் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வகுப்பில் கரும்பலகை மட்டுமே மாறியிருக்கிறது. கற்கும் முறை மாறவில்லை. ஒரு மாணவி இழுத்து, "இந்தப் பக்கம் வந்ததும் ஏன் சார் கோணம் மாறிப்போச்சு?" என்று கேட்டால், அது வேறு வகுப்பு.

மாணவருக்குக் கருவியோடு உள்ள உறவை மூன்று நிலைகளாகப் பிரித்துக்கொள்கிறேன்: பார்த்தல், பதிலளித்தல், ஆக்குதல். இவற்றில் முதலாவதற்கே நம் முயற்சியில் பெரும்பங்கு போயிருக்கிறது. பிள்ளைகளின் கவனமும் தன்னம்பிக்கையும் உண்மையில் வளர்வது அடுத்த இரண்டில். எத்தனை பள்ளிக்கு எத்தனை கருவி என்ற எண்ணிக்கை இதைச் சொல்லாது. ஒரு பாடவேளையில் முடிவெடுத்தவர் யார் என்று பார்க்க வேண்டும்.

2. தமிழ்நாட்டில் கருவிகள் வந்த வழி

2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும், கலை அறிவியல், பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் கணினி கையில் கிடைத்தது. முதல் கட்ட மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. குடும்பத்தின் முதல் கணினி அந்த வீட்டுப் பிள்ளையின் பெயரில் வந்தது என்பதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. நூலகத்தில் இல்லாத புத்தகமும், ஊரில் இல்லாத பயிற்சி மையமும் அந்தப் பெட்டிக்குள் கிடைத்த வீடுகள் ஏராளம். ஆனால் வகுப்பறைக்குள் அது அவ்வளவாக நுழையவில்லை. மடிக்கணினி இருந்தால்தான் நடத்த முடியும் என்ற பாடம் ஒன்றுகூட அப்போதைய பாடத்திட்டத்தில் வைக்கப்படவில்லை. சில ஆண்டுகளில், பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியேறிய பிறகே கணினி வந்துசேர்ந்தது.

அடுத்து வந்தவை வேறு வகை. 2018இல் பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள். அவற்றில் பல, மத்திய அரசு 2017இல் தொடங்கிய தீக்‌ஷா தளத்துக்கு இட்டுச்சென்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. அதே காலத்தில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் எனப்படும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியை நிரப்ப 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்', 2023இல் காணொலிப் பாடங்களுக்காக 'மணற்கேணி' செயலி. பிறகு தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகளும், ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகளும்.

இந்தப் பட்டியலில் மடிக்கணினியையும் ஓரளவு ஹைடெக் லேப்பையும் தவிர்த்தால், மற்றவற்றில் பெரும்பாலானவை சென்னையிலிருந்து பாடத்தை எடுத்துவந்து பிள்ளையின் கண்முன் வைப்பவை. ஒருவழிப் பாதை. நல்ல காணொலிக்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. செல் பிரிதலை அசையும் படமாகப் பார்க்கும் பிள்ளைக்கு, கரும்பலகைப் படம் தராத ஒன்று கிடைக்கிறது. ஆனால் ஹைடெக் லேப் கணினிகளைப் பெரும்பாலும் இணையவழித் தேர்வுக்கும் கணக்கெடுப்புக்கும் பயன்படுத்தும்போது, பிள்ளையின் கைக்கு வந்த கருவியும் பிள்ளையைச் சோதிக்கும் கருவியாகிவிடுகிறது. இது வருத்தத்துக்குரியது.

3. கருத்தடிப்படை

பிள்ளை கணினியை இயக்கவேண்டுமா, கணினி பிள்ளையை இயக்கவேண்டுமா என்ற விவாதத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, ஜெனீவாவில் ழான் பியாஜேயோடு பணிபுரிந்து, பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்றவர் சீமோர் பேப்பர்ட். 1967இல் வாலி ஃபோய்ர்ட்ஸைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து பிள்ளைகளுக்காக லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார். திரையில் ஓர் 'ஆமை' இருக்கும். முன்னே போ, திரும்பு என்று கட்டளையிட்டால் அது நகர்ந்து கோடு போடும். சதுரம் வரையவேண்டும் என்றால் எத்தனை பாகை திரும்பவேண்டும் என்பதைப் பிள்ளை தானே யோசித்தாக வேண்டும். தவறிப்போனால் கோடு எங்கோ போகும். கட்டளையைத் திருத்த வேண்டும். இந்தத் திருத்தும் வேலையில்தான் அறிவு உருவாகிறது என்பது பேப்பர்ட்டின் வாதம். 1980இல் வெளிவந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில் இதை விரிவாக எழுதினார். அந்த எம்.ஐ.டி. மரபில் மிட்செல் ரெஸ்னிக் குழு 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் இன்று உலகெங்கும் பள்ளிகளில் இருக்கிறது.

பேப்பர்ட்டின் சிந்தனையால் உந்தப்பட்டே 'பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்ற உலகளாவிய முயற்சியும் பிறந்தது. பெரு நாடு எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வாங்கியது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் 319இல் செய்யப்பட்ட சோதனை ஆய்வு 2012இல் வெளியானது. கணினி வந்து 15 மாதங்களுக்குப் பிறகும் கணிதத்திலோ மொழியிலோ அளவிடத்தக்க முன்னேற்றம் இல்லை. பொதுவான சிந்தனைத் திறன் சோதனைகளில் மட்டும் சிறிது ஏற்றம் தெரிந்தது. கணினியை என்ன செய்வதென்று ஆசிரியருக்கும் பாடத்திட்டத்துக்கும் தெரியாத இடத்தில், கருவி பிள்ளையின் கையில் இருப்பது மட்டும் போதாது. நம் மடிக்கணினித் திட்டத்தைப் படித்தவர்களுக்கு இந்த முடிவு புதிதாக இராது.

மாறாக, கருவியே இல்லாமல் தொடங்கிய ஒரு முறை பெரும் பலன் தந்தது. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர், தன் மாணவர்கள் தேர்வில் கடினமான கணக்குகளைப் போட்டாலும் விசை பற்றிய எளிய கேள்விகளில் சறுக்குவதைக் கண்டார். 1991 முதல் விரிவுரையை இடையிடையே நிறுத்தி, நான்கு விடைகள் கொண்ட ஒரு கேள்வியைப் போட்டார். எல்லாரும் தனித்தனியே விடை சொல்ல வேண்டும். சரியான விடை சொன்னவர்கள் மிகக் குறைவாகவும் இல்லாமல் மிக அதிகமாகவும் இல்லாமல் நடுவாக இருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்துவிட்டு மறுபடியும் விடை சொல்ல வேண்டும். இரண்டாம் முறை சரியான விடைகள் கூடின. புரிந்துகொண்ட மாணவர் இப்போதுதான் புரிந்துகொண்டவர். எங்கே இடறும் என்பது அவருக்கு நினைவிருக்கும். அதனால் பேராசிரியரைவிட நன்றாக விளக்குகிறார். மசூர் முதலில் பயன்படுத்தியவை சாதாரண அட்டைகள். மின்னணுப் பொத்தான்கள் பின்னால் வந்தன.

இந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது: முதலில் வகுப்பில் ஒரு நல்ல கேள்வி வேண்டும், அடுத்து எல்லாப் பிள்ளையும் அதில் இறங்கும் ஏற்பாடு வேண்டும். கருவியின் வேலை அந்த ஏற்பாட்டை எளிதாக்குவது.

4. வகுப்பறையில் கருவிகள்

4.1 ஒரே செல்போன், நாற்பது அட்டை

மசூரின் முறையை நம் அரசுப் பள்ளியில் செய்ய ஆசிரியரின் செல்போன் ஒன்று போதும். பிளிக்கர்ஸ் என்ற செயலி இதற்கென்றே உருவானது. மாணவர் கையில் எந்த மின்னணுக் கருவியும் தேவையில்லை. விரைவுக் குறியீடு போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட அட்டை ஆளுக்கு ஒன்று. ஒவ்வோர் அட்டைக்கும் தனி எண், தனி வடிவம். அட்டையின் நான்கு ஓரங்களிலும் ஏ, பி, சி, டி என்று மிகப் பொடியாக அச்சிட்டிருக்கும். தான் தேர்ந்த விடையின் ஓரம் மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் செல்போன் கேமராவை வகுப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக நகர்த்தினால், யார் என்ன விடை சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். நாற்பது அட்டைகளை ஒருமுறை நகலெடுத்துக் கெட்டி அட்டையில் ஒட்டிவைத்தால் ஆண்டு முழுவதும் பயன்படும்.

இதன் நுட்பம் அந்தப் பொடி எழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் அட்டையைப் பார்த்தாலும் அவர் என்ன விடை சொன்னார் என்று தெரியாது. "விடை தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க" என்றால் நம் வகுப்புகளில் என்ன நடக்கும் என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும்: வழக்கமான ஐந்தாறு கைகள் உயரும், மற்றவர்கள் முன்வரிசை கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தூக்குவார்கள். தவறினால் சிரிப்பார்கள் என்ற பயம் அங்கே நாற்பது பேரில் முப்பது பேரை வாயடைக்கிறது. அட்டையில் அந்தப் பயம் இல்லை.

ஏழாம் வகுப்பில் தசம எண்கள் நடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கேள்வி: 0.4, 0.35, 0.125, 0.09 ஆகியவற்றில் எது பெரியது? சரியான விடை 0.4. ஆனால் 0.125ஐச் சொல்பவர்கள் கணிசமாக இருப்பார்கள். அவர்கள் கவனக்குறைவால் தவறவில்லை. முழு எண்களில் இலக்கம் கூடினால் மதிப்பு கூடும் என்று ஐந்து ஆண்டுகளாக நாம் கற்றுத்தந்ததைப் புள்ளிக்கு வலப்பக்கமும் கொண்டுவருகிறார்கள். அது தர்க்கமான தவறு. ஒரு நிமிடத்தில் வகுப்பில் பன்னிரண்டு பேர் இப்படி நினைக்கிறார்கள் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த பத்து நிமிடத்தை எதற்குச் செலவிடுவது என்பது தெளிவாகிவிடும். 0.4ஐச் சொன்னவரையும் 0.125ஐச் சொன்னவரையும் ஜோடி சேர்த்துப் பேசவிடலாம். ஒரு மீட்டர் அளவுகோலில் இரண்டையும் குறிக்கச் சொல்லலாம். பிறகு அதே கேள்வியை வேறு எண்களோடு போடலாம். காலாண்டுத் தேர்வுவரை காத்திருந்து தெரிந்துகொள்ளும் விஷயம் அதே பாடவேளைக்குள் தெரிந்து, திருத்தப்பட்டும் விடுகிறது.

கேள்வி சோம்பலானதாக இருந்தால் இந்தக் கருவி ஒன்றுக்கும் உதவாது. "தசமப் புள்ளியைக் கண்டுபிடித்தவர் யார்?" என்பது போன்ற கேள்விக்கு நாற்பது அட்டை தேவையில்லை. தவறான விடைகள் மூன்றும் மூன்று வகையான தவறான எண்ணங்களைக் காட்டும்படி கேள்வியை அமைப்பது தனித்திறமை. ஆசிரியர் பயிற்சிகளில் நேரம் செலவிட வேண்டியது அதற்குத்தான்.

4.2 ஊகித்துவிட்டு இழு

ஒன்பதாம் வகுப்பு வடிவியலில் ஒரு தேற்றம்: ஒரு வில் வட்ட மையத்தில் தாங்கும் கோணம், பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல் இருமடங்கு. ஜியோஜீப்ராவில் இதைக் காட்டுவது எளிது. இந்த மென்பொருளை 2001இல் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்ற ஆஸ்திரிய மாணவர் தன் முதுநிலைப் பட்ட ஆய்வாக சால்ஸ்பர்க்கில் தொடங்கினார். பள்ளிகளுக்கு இலவசம்.

வழக்கமான முறையில் ஆசிரியர் புள்ளியை இழுத்து, "பாருங்க, மையத்தில் 100, பரிதியில் 50, எங்கே கொண்டுபோனாலும் 50" என்பார். பிள்ளைகள் பார்த்துவிட்டுத் தேற்றத்தை எழுதிக்கொள்வார்கள். இதே பக்கத்தை வைத்து இன்னொரு விதமாக நடத்தலாம். திரையை நிறுத்திவிட்டு, "புள்ளியை வில்லுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனால் எவ்வளவு வரும்? நோட்டில் எழுதுங்கள்" என்று கேட்க வேண்டும். பெரும்பாலோர் 50 என்று எழுதுவார்கள். பிறகு ஒரு மாணவரை அழைத்து இழுக்கச் சொல்ல வேண்டும். புள்ளி வில்லின் முனையைத் தாண்டியதும் அளவு சட்டென்று 130 ஆகும். வகுப்பில் சலசலப்பு எழும். ஏன் 130? மையத்தில் மறுபக்கக் கோணம் 360இல் 100 போக 260; அதில் பாதி 130. யாராவது ஒரு பிள்ளை இதைக் கண்டுபிடித்துவிடும். 50ஐயும் 130ஐயும் கூட்டினால் 180 என்பதை இன்னொரு பிள்ளை கவனித்தால், அடுத்து வரவிருக்கும் வட்ட நாற்கரத் தேற்றத்தை அவர்களே தொட்டுவிட்டார்கள்.

மென்பொருள் இரண்டு முறையிலும் ஒன்றுதான், செலவும் ஒன்றுதான். ஊகித்து எழுதிவிட்ட பிள்ளைக்கு விடையில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. அதனால் திரையைப் பார்க்கும் பார்வையே மாறுகிறது.

4.3 எரிந்துபோகாத மின்சுற்று

இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்ற திட்டம் நூற்றுக்கு மேற்பட்ட அறிவியல், கணித மாதிரிகளை இலவசமாகத் தருகிறது. பலவற்றை இறக்கிவைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் இயக்கலாம். அதில் மின்சுற்றுப் பகுதியில் மின்கலம், பல்பு, கம்பி ஆகியவற்றை இழுத்துவந்து இணைக்க வேண்டும். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். பல்பு இல்லாமல் மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்துவிட்டால் திரையில் தீப்பற்றும். பிள்ளைகள் வேண்டுமென்றே ஒருமுறை தீ வைத்துப் பார்ப்பார்கள், பார்க்கவிட வேண்டும். குறுக்குச்சுற்று என்றால் என்ன என்பதை அவர்கள் பிறகு மறப்பதில்லை.

2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு கல்லூரி மாணவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவு உண்மையான பல்பு, கம்பிகளோடும், மற்றது இந்த மாதிரியோடும் பயின்றது. பின்னர் உண்மையான கருவிகளால் சுற்று அமைக்கச் சொன்னபோதும் மாதிரியில் பயின்றவர்களே மேலாகச் செய்தார்கள். ஆய்வகப் பொருள்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளுக்கு இந்தச் செய்தி ஆறுதல் தரலாம். பீரோவைத் திறக்காமல் இருப்பதற்கு அது சாக்காகிவிடக்கூடாது. கையால் கம்பி சீவி இணைக்கும் அனுபவத்துக்கு ஈடு எதுவும் இல்லை. இரண்டும் வேண்டும்.

4.4 கண்மாயை வரைபடத்தில் ஏற்றுதல்

மூன்றாம் நிலையான ஆக்குதலுக்குச் சமூக அறிவியல்தான் மிக வளமான களம்; அங்கேதான் நாம் மிகக் குறைவாகச் செய்திருக்கிறோம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்திச் சேர்க்கக்கூடிய உலக வரைபடம். தமிழில் பெயர் எழுதலாம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கக் கிராமங்கள் பலவற்றை அதில் பார்த்தால் ஊரின் பெயர் இருக்கும், சாலை இருக்கும். கண்மாய் நீல நிறத்தில் ஒரு திட்டாக, பெயரில்லாமல் இருக்கும். மடைகள் இருக்காது. கலுங்கு இருக்காது. வரத்துக்கால்வாய் எங்கிருந்து வருகிறது என்பது இருக்காது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாறு குழுவாக, ஆசிரியரோடு ஒரு பிற்பகல் கரையில் நடந்தால் இவற்றை நிரப்பலாம். ஒரு குழு ஒவ்வொரு மடையின் இருப்பிடத்தையும் செல்போனில் குறிக்கும். ஒரு குழு படம் எடுக்கும். இன்னொரு குழு, நீர்ப்பாய்ச்சிய அனுபவமுள்ள பெரியவரிடம் உட்கார்ந்து குரலைப் பதிவு செய்யும்: "தாத்தா, இந்த மடைக்கு ஏன் இந்தப் பேரு? தண்ணி குறைஞ்ச வருஷம் முதல்ல யாருக்கு விட்டீங்க?" இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் அவ்வளவு இனிமையாக இருக்காது. யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்பதில் சாதி இருக்கும், நிலவுடைமை இருக்கும். அதுவும் பாடம்தான். பள்ளிக்குத் திரும்பி ஹைடெக் லேப்பில் உட்கார்ந்து, குறித்தவற்றைச் சரிபார்த்து ஏற்றினால், உலகில் யாரும் அந்த ஊர்க் கண்மாயைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைகள் எழுதிய பெயரைப் பார்ப்பார்கள். வேளாண்மை, நீர்மேலாண்மை, வரலாறு, அளவைக் கணிதம் எல்லாம் ஒரே வேலைக்குள் வந்துவிடுகின்றன. இதற்கு ஒரு மதிப்பெண் கொடுக்க நம் வளரறி மதிப்பீட்டிலேயே இடம் இருக்கிறது.

4.5 வாசிப்பும் நிரலும்

தொடக்க வகுப்புகளில் வாய்விட்டு வாசிக்கப் பயிற்றும் ரீட் அலாங் செயலி தமிழிலும் இருக்கிறது. பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, தடுமாறிய சொல்லைச் சுட்டி, கேட்டால் உச்சரித்துக் காட்டும். கதைகளை இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் வேண்டாம். 2022 ஜூனில் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் இதை வைத்து வாசிப்பு மாரத்தான் நடந்தது. லட்சக்கணக்கான பிள்ளைகள் கலந்துகொண்டார்கள். திக்கித் திக்கி வாசிக்கும் பிள்ளைக்கு முகம் சுளிக்காமல் பத்தாம் முறையும் கேட்கும் ஒரு துணை கிடைப்பது பெரிய விஷயம். வட்டாரப் பேச்சின் சாயலை இத்தகைய செயலிகள் தவறென்று கருதிவிடுகின்றனவா என்பதை ஆசிரியர் கவனித்துக்கொள்ள வேண்டும்.

நிரல் எழுதுவதற்கு ஆங்கிலம் வேலியாக நிற்கிறது என்பதற்குத் தமிழில் ஒரு விடை உண்டு. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழியில் 'பதிப்பி', 'வரை', 'முடி' என்று தமிழிலேயே கட்டளை எழுதலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளை தன் பெயரைப் பத்துமுறை பதிப்பிக்கும் நிரலை ஆங்கிலம் தெரியாமலே ஓட்டிப் பார்க்க முடியும். நிரல் என்பது சிந்தனை ஒழுங்கு என்று புரிந்தபின் பைத்தானுக்குப் போவது கடினமில்லை.

பார்வைத்திறன் குறைந்த பிள்ளைகளைப் பொறுத்தவரை இங்கே சொன்னவற்றின் எடை பல மடங்கு. என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவரால் 2006 முதல் வளர்க்கப்பட்டது, தமிழையும் வாசிக்கும். தேர்வில் சொல்வதை எழுதுபவரை நம்பியிருந்த மாணவர் தானே படித்து, தானே தட்டச்சுச் செய்ய இது வழி திறக்கிறது. ஹைடெக் லேப் கணினிகள் எல்லாவற்றிலும் இது நிறுவப்பட்டிருக்க வேண்டும். செலவு ஏதும் இல்லை.

5. பிள்ளை இருக்கும் படியிலிருந்து

கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர் டெல்லியில் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு நம் நாட்டுச் சூழலுக்கு மிக நெருக்கமானது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள் உள்ள மையங்களுக்குப் பள்ளி நேரம் போக வந்தார்கள். ஆறாம் வகுப்பில் இருந்த சராசரிப் பிள்ளையின் கணிதத் திறன் வகுப்புக்கு இரண்டரை ஆண்டுகள் பின்தங்கியிருந்தது. ஒரே வகுப்பில் இரண்டாம் வகுப்பு நிலையிலும் ஆறாம் வகுப்பு நிலையிலும் பிள்ளைகள் அருகருகே இருந்தார்கள். மென்பொருள் ஒவ்வொருவர் விடையையும் பார்த்து அவரவர் நிலையில் கேள்வியைத் தந்தது. நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. மிகவும் பின்தங்கியிருந்தவர்களுக்கு அது விகிதத்தில் பெரிது.

ஒரே பாடத்தை எல்லாருக்கும் ஒளிபரப்பும் கருவியால் இது முடியாது. அதோடு, அந்த மையங்களில் மென்பொருளுக்குப் பாதி நேரம்தான். மறுபாதியில் பயிற்றுநர் ஒருவர் சிறு குழுக்களோடு உட்கார்ந்தார். இதை மறந்துவிட்டு மென்பொருளை மட்டும் வாங்கினால் பெருவின் கதை திரும்பும்.

6. கேரளத்தின் வழி

அண்டை மாநிலம் 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கி, பின்னர் முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அதன் வாரிசான கைட் நிறுவனம் 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களை உயர்நிலைப் பள்ளிகளில் அமைத்தது. அசைபடம், நிரல், மின்னணுவியல், மலையாளக் கணிமை ஆகியவற்றில் பயிற்சி பெறும் இப்பிள்ளைகள் பள்ளியின் கருவிகளைப் பராமரிக்கவும் உதவுகிறார்கள். பெற்றோருக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பும் எடுக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள்.

புரொஜெக்டரின் கேபிள் கழன்றுவிட்டால் மாதக்கணக்கில் பழுதுநீக்குபவருக்காகக் காத்திருக்கும் பள்ளிகளை நாம் அறிவோம். பழுதைப் பார்க்கும் உரிமையை மாணவருக்குக் கொடுத்ததில் கேரளம் நம்மை முந்திவிட்டது. "தொடாதே, கெட்டுப்போகும்" என்று சொல்லி வளர்த்த பிள்ளையிடம் படைப்பூக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

7. தடைகள்

பள்ளிகளைப் பற்றிய மத்திய அரசின் 2023-24ஆம் ஆண்டு யூடைஸ் கணக்குப்படி நாட்டில் 57.2 விழுக்காடு பள்ளிகளில்தான் கணினி இருந்தது, இணையம் 53.9 விழுக்காடு. ஆனால் பொருள் இருப்பதும் பிள்ளை அதைத் தொடுவதும் ஒன்றாகாது. கிராமப்புறக் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் ஏசர் 2024 அறிக்கையின்படி, கிராமப்புற 14-16 வயதினரில் 82.2 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும். முந்தைய வாரத்தில் கல்விக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு; சமூக ஊடகத்துக்காக 76 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆண்டின் ஏசர், 14-18 வயதில் போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுள் ஆண்களில் 43.7 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 19.8 விழுக்காட்டினருக்குமே சொந்தப் போன் இருப்பதாகச் சொன்னது. "வீட்டில் காணொலியைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லும் ஆசிரியர் இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைக்க வேண்டும். அண்ணனிடம் போனைக் கேட்டு வாங்க முடியாத பெண்பிள்ளைக்கு அந்த வீட்டுப்பாடம் தண்டனை. அவளுக்குக் கருவி கிடைக்க வேண்டிய இடம் பள்ளி. நேரம் பள்ளி நேரம்.

ஆசிரியரின் நேரம் இன்னொரு தடை. பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்தில் வருகை, நலத்திட்டம், தேர்வு, உடல்நலம் என்று பதிவுகள் பெருகிவிட்டன; ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்காக இதைச் சொல்லிவருகின்றன. ஆசிரியர் கையில் இருக்கும் கைக்கணினி மேலே தகவல் அனுப்பும் கருவியாக மட்டும் ஆகிவிட்டால், பிள்ளைக்குக் கேள்வி தயாரிக்க நேரம் எங்கிருந்து வரும்?

பிள்ளைகளின் தரவு பற்றி நாம் போதுமான அளவு கவலைப்படுவதில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தையாகக் கொண்டு, பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதைத் தடைசெய்கிறது. புதிய செயலி ஒன்றில் வகுப்பின் பெயர்ப்பட்டியலை ஏற்றுமுன், பெயருக்குப் பதில் வரிசை எண்ணைக் கொடுப்பது போன்ற எளிய எச்சரிக்கையாவது வேண்டும்.

8. செயற்கை நுண்ணறிவு

துருக்கியில் ஏறத்தாழ 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு நடந்த கணித ஆய்வு 2024இல் வெளியானது. உரையாடும் செயற்கை நுண்ணறிவைத் தங்குதடையின்றிப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு மேம்பட்டார்கள். அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, ஒருபோதும் அதைப் பயன்படுத்தாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் வடிவமைத்த இன்னொரு வகையில் இந்தச் சரிவு பெரும்பாலும் நீங்கியது. இந்தக் கட்டுரையின் அளவுகோல் இங்கும் பொருந்துகிறது: யோசிப்பது மாணவரா, கருவியா? நம் வகுப்புகளில் இதைத் தடைசெய்வதால் பயனில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். அது தரும் விடையில் உள்ள தவறைக் கண்டுபிடிப்பதையே வகுப்பு வேலையாக்கலாம். ஊர்க் கண்மாயைப் பற்றி அதனிடம் கேட்டு, அது கற்பனை செய்து சொல்வதைத் தங்கள் களக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளை, அதை அளந்து நம்பக் கற்றுக்கொள்ளும்.

9. துறைக்கும் ஆசிரியருக்கும்

புதிய கருவிகளை வாங்குவதை ஓராண்டு நிறுத்திவைத்து, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஆசிரியர்கள் கேள்வி அமைக்கப் பழகும் பயிற்சிக்கும் பழுதுநீக்கத்துக்கும் செலவிடலாம் என்பது என் கருத்து. ஹைடெக் லேப்பில் வாரத்தில் குறிப்பிட்ட பாடவேளைகள் தேர்வுக்கோ பதிவேற்றத்துக்கோ எடுக்கப்படாமல், மாணவரின் ஆக்க வேலைக்கென்றே கால அட்டவணையில் இருக்க வேண்டும். லிட்டில் கைட்ஸ் போன்ற மன்றங்களை இங்கும் தொடங்க வேண்டும். அதில் பாதி இடம் பெண்பிள்ளைகளுக்கு.

எமிஸ் பதிவில் ஏதாவது இரண்டு பக்கங்களைக் குறைத்துவிட்டு, வகுப்பறையைப் பார்வையிட வரும் அலுவலரின் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்குமாறு பள்ளிக்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படிவம் திரை இருக்கிறதா, இணையம் வேலை செய்கிறதா, எத்தனை காணொலி காட்டப்பட்டது என்று கேட்டால் மட்டும் போதாது. இன்றைய பாடவேளையில் கருவியைத் தொட்டு இயக்கிய மாணவர் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் கேட்கட்டும்.